மூன்றாவது விளக்கு

1

போன சனிக்கிழமை என் மகள் உமாவுக்கு எட்டு வயது முடிந்தது. தோ பாயோவில் எங்களுக்குக் கிடைத்திருக்கும் புது வீட்டில், ஒன்பதாவது மாடியில், அவளுடைய பள்ளிக்கூடத் தோழிகள் ஆறு பேர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் கேக், கேக்கின்மேல் எட்டு மெழுகுவர்த்திகள். நான்தான் ஏற்றினேன். விளக்குப் போடுவது என் தொழில். சாமி விளக்கைத் தவிர, வீட்டில்கூட அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இந்த வழக்கம் புதிதாக இருக்கும். இங்கே பிறந்தநாள் என்றால் பிள்ளை அந்த மெழுகுவர்த்திகளை வாயால் ஊதி அணைக்க வேண்டும். ஒரே மூச்சில் அணைத்துவிட்டால் நினைத்தது நடக்குமாம். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன பழக்கம். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை என்று வித்தியாசமில்லாமல் எல்லாம் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டு வந்து வீட்டில் அடம்பிடிக்கின்றன. போன வருஷம்வரை பாயசத்தோடு சமாளித்தோம். இந்த வருஷம் உமா மசியவில்லை.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாழ்த்துப் பாடி முடித்தார்கள். உமா கன்னங்களை உப்பினாள். முறுக்குத் தட்டோடு சமையலறையிலிருந்து வந்த என் மனைவி பாக்கியம் அதைப் பார்த்துவிட்டாள். தட்டை எங்கே வைத்தாளோ, ஒரே எட்டில் வந்து மகளின் வாயைப் பொத்தினாள்.

"என்னடி பண்ற? எரியிற விளக்கை வாயால ஊதுவியா? பொறந்த நாளும் அதுவுமா!"

"அம்மா, இது விளக்கு இல்லலா! கேண்டில்!" இந்த ஊர் 'லா'வோடு விரலிடுக்கு வழியாக உமா கத்தினாள்.

"எரிஞ்சா எல்லாம் விளக்குதான்."

"எல்லார் வீட்லயும் ஊதுறாங்க. அப்பா, சொல்லுங்களேன்!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கை ஊதி அணைக்கும் விஷயத்தில் எனக்கு வாயில்லை. பத்து வருஷமாக பாக்கியத்திடம் நான் மறைத்து வைத்திருந்த ஒரு சங்கதி அது. மெழுகு உருகத்தான் செய்யும், உருகட்டும். அந்தச் சங்கதியை உங்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது எனக்கு இருபத்து நான்கு வயது. பாக்கியத்தைக் கட்டி எட்டே மாதம். வந்து இறங்கி, தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் மிளகாய் மூட்டை தூக்கித் தும்மிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மலாய்ப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் ஆள் வேண்டும் என்றார்கள். இங்கே மூட்டை, அங்கேயும் ஏதாவது தூக்குவதுதானே என்று போனேன்.

முதல் நாளை மறக்க முடியாது. வெளியே காலை பத்து மணி, தலையைப் பிளக்கிற வெயில். ஒரு பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால் நிலவு காய்ந்துகொண்டிருந்தது. மூன்று சுவர் மட்டுமே உள்ள ஒரு மலாய்க் குடிசை, அதன் படியில் நிலவு, தென்னங்கீற்றின் நிழல் தரையில் அசைகிறது. மேலே பார்த்தேன். மரப் பரணில் ஒரு தடியன் கீற்றுக் கட்டிய கழியை ஆட்டிக்கொண்டிருந்தான். தெரிந்த பிறகும் எனக்கு அது நிலவாகவேதான் இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். "யோவ், கேபிள்மேல நிக்காதே!" என்று யாரோ கத்திய பிறகுதான் கால் நகர்ந்தது.

டைரக்டர் மெட்ராஸ்காரர். கேமராமேன் லிம் சீனர். நடிக்கிறவர்கள் மலாய்க்காரர்கள். விளக்குத் தூக்குகிறவர்கள் நாம். எல்லாரும் ஒரு கடைத்தெரு மலாயில் பேசிக்கொள்வோம். தெராங் என்றால் வெளிச்சம் கூட்டு, கெலாப் என்றால் இருட்டாக்கு. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினேன்.

சொல்லிக் கொடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கையால்தான் கற்றுக்கொண்டேன். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டிப் பார்ப்பேன். விளக்கின் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெருத்துப் புகைமாதிரி கரையும். சுவரின் பக்கம் கொண்டுபோனால் ஒவ்வொரு விரலும் வெட்டி வைத்ததுபோல் நிற்கும். மெல்லிய துணியை முன்னால் பிடித்தால் சுடுகிற வெளிச்சம் சாந்தமாகிவிடும். அந்த ஆசையில் என் வேட்டி ஒன்றைக் கிழித்து விளக்குக்கு மிக அருகில் கட்டி, அது பற்றிக்கொண்டு, படப்பிடிப்பே நின்று, வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

ஆனால் அந்த மாயம் இருக்கிறதே! காலையில் டிபன் தின்றுவிட்டுப் போய் நடுநிசியை உண்டாக்குவோம். மத்தியானத்துக்கு மேல் விடியவைப்போம். கதிர் கோடுகோடாகத் தெரிய வேண்டும் என்றால் தேக்காவிலிருந்து வாங்கி வந்த சாம்பிராணியைப் புகைப்போம். அந்த வாசனையும் வெளிச்சமும் கலந்த இடத்தில் நிற்கும்போது நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

3

பரணில் எனக்குக் கூட்டாளி மைதீன். நாகூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அப்போதே முழு வழுக்கை. சாப்பாட்டு நேரத்தில் தளம் காலியாக இருக்கும். அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, சின்ன விளக்குகளை அங்கும் இங்கும் நகர்த்திப் பழகுவேன்.

"ஏன்ப்பா முத்து, உலகத்துல வேற மூஞ்சியே கிடைக்கலியா?"

"உங்க தலையில வெளிச்சம் எங்க விழுந்தாலும் தெரியுது பாய். அதான்."

"பிரியாணியைத் திங்கவிடுடா!"

ஒரு விளக்குப் போட்டால் பாதி மூஞ்சிதான் வரும். மறுபக்கம் மங்கலாக இரண்டாவது போட்டால் முழு மூஞ்சியும் வந்துவிடும். ஆனாலும் ஏதோ குறை. மனிதர் சுவரில் ஒட்டிய படம் மாதிரியே இருந்தார். எத்தனையோ நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு நாள் யாரோ தளத்தின் பின்கதவைத் திறந்தார்கள். வெயில் நேராக வந்து மைதீனின் பின்மண்டையிலும் தோளிலும் விழுந்தது. விழுந்ததும் மனிதர் சுவரைவிட்டுப் பிரிந்து முன்னால் வந்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "பாய், அசையாதீங்க, அசையாதீங்க!" என்று கத்தினேன். அவர் வாயில் கறித்துண்டோடு அப்படியே இருந்தார்.

கதவை மூடிவிட்டு, வெயில் இருந்த இடத்தில் மூன்றாவது விளக்கை வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் கேமராமேன் லிம் நின்றிருந்தார். "யார் செய்தது?" என்று மலாயில் கேட்டார். நான்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

4

இப்படிக் கனவில் மிதந்துகொண்டிருந்தவனைத் தரையில் இறக்கியது இமிகிரேஷன் ஆபீஸ்.

நான் வந்து நான்கரை வருஷம் ஆகியிருந்தது. ஐந்து வருஷத்துக்குமேல் பிரிந்திருக்கும் மனைவிகளை இனி உள்ளே விடமாட்டார்கள், அப்படி ஒரு சட்டம் வரப்போகிறது என்று சிராங்கூன் சாலை முடிவெட்டும் கடையெல்லாம் ஒரே பேச்சு. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வரிசையில் காலை முழுக்க நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தமிழர்தான்.

"நாள்கூலியா நீங்க?"

"ஆமாங்க."

"நாள்கூலிக்குப் பர்மிட் கிடைக்காதுலா. நிரந்தர வேலைன்னு முதலாளிகிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. சீக்கிரம் வாங்க."

அந்தக் காகிதம் எனக்கு எங்கே கிடைக்கும்? வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். சட்டைப்பையில் பாக்கியத்தின் கடிதம் இருந்தது. அவள் எழுதியிருந்தது இதுதான். 'நீங்கள் கப்பலேறிய நாள்முதல் சாயங்காலம் உங்கள் பேருக்குத் தனியாக ஒரு விளக்கு ஏற்றிவைக்கிறேன். தூங்கப் போகுமுன் பூவால்தான் அமர்த்துகிறேன். கடலைத் தாண்டிப் போனவருடைய விளக்கு, ஒரு நாள்கூட மூச்சுக்காற்றுப் படவிட்டதில்லை.'

நம் வீடுகளில் விளக்கை ஊதக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு அது அதற்கும் மேலே. நான் உயிரோடு திரும்பக் கிடைப்பதே அந்த விளக்கால்தான் என்று நம்பினாள். எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால், பகலில் கிடையாது.

5

அந்த மாதமே தலைமை விளக்குக்காரர் வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூர் போய்விட்டார். லிம் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு ஒரு காட்சி. நீ வெளிச்சம் போடு. நன்றாக வந்தால் அந்த இடம் உனக்கு. நிரந்தரம்." அன்றைக்கு நான் தேக்காவரை நடந்தே போனேன். கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காட்சியைச் சொன்னார்கள். மீனவன் கடலுக்குப் போயிருக்கிறான். மனைவி விளக்கேற்றி வைத்துவிட்டு இரவெல்லாம் காத்திருக்கிறாள். விடிகிறது. அவன் வரவில்லை. அவள் விளக்கை ஊதி அணைக்கிறாள்.

சட்டைப்பையிலிருந்த பாக்கியத்தின் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தாலும் வேலையைத் தொடங்கினேன். காலை எட்டிலிருந்து மத்தியானம்வரை அந்த இரவைக் கட்டினேன். அசல் எண்ணெய் விளக்கின் வெளிச்சம் கேமராவுக்குப் போதாது. அதனால் ஒரு பானைக்குப் பின்னால் சின்ன மின்விளக்கை ஒளித்துவைத்து, அதுதான் அந்த எண்ணெய் விளக்கின் வெளிச்சம் என்று அவள் முகத்தில் விழவைத்தேன். மறுபக்கம் மெல்லிய துணி கட்டி ஒன்று. பின்னால், கூந்தல் ஓரத்தில் மட்டும் படும்படி ஒன்று. பலகைச் சுவரின் இடுக்குகளுக்கு வெளியே, பரணில் ஒரு பெரிய விளக்கு, அதுதான் விடியல். மைதீன் அதன் முன்னால் உள்ள மறைப்புத் தகடுகளை மெல்ல மெல்லத் திறப்பார். சாம்பிராணிப் புகையில் விடியல் கோடுகோடாக உள்ளே வந்தபோது, தளத்தில் இருந்த இருபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இன்னும் கண்ணை மூடினால் அந்த விடியல் எனக்கு வரும்.

அவள் ஊதும் அதே நொடியில் பானைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு அணைய வேண்டும். அந்த ஸ்விட்ச் என் கையில்.

கேமரா ஓடியது. நடிகை குனிந்தாள், ஊதினாள், சுடர் போயிற்று. என் கை அசையவில்லை. அணைந்த விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"கட்! யாருய்யா அது தூங்குறது?" டைரக்டர் கத்தினார்.

இரண்டாம் தடவையும் அப்படியே. அந்த நடிகையின் முகம் எனக்குத் தெரியவில்லை, பாக்கியம்தான் தெரிந்தாள். நானே போய் டைரக்டர் முன்னால் நின்றேன்.

"ஐயா, ஊதாம பூவால அமர்த்தச் சொல்லலாமா?"

"மலாய் மீனவன் வீட்டுல பூவால விளக்கு அமர்த்துறாங்களா? நீ படம் எடுக்க வந்தியா, பூஜை பண்ண வந்தியா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "உனக்கு முடியலன்னா சொல்லிடு. வேற ஆள் இருக்கான்" என்றார்.

பரணிலிருந்து மைதீன் எட்டிப் பார்த்தார். "முத்து, நான் வேணா வந்து ஸ்விட்சை அணைக்கட்டுமா? எனக்கு ஒண்ணும் இல்லப்பா."

நல்ல மனுஷன். ஆனால் அவர் இறங்கினால் விடியலைத் திறக்க ஆளில்லை. அதைவிட, அவரைச் செய்யவைத்துவிட்டு நான் கையைக் கழுவிக்கொண்டால் அது இன்னும் கேவலம். யோசித்துப் பார்த்தேன். நான் இதை அணைக்காவிட்டால் இடம் கிடைக்காது. இடம் இல்லாவிட்டால் லெட்டர் இல்லை. லெட்டர் இல்லாவிட்டால் அவள் அங்கே விளக்கேற்றிக்கொண்டே கிழவியாகிவிடுவாள். அணைத்தால்? அணைத்தால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

மூன்றாம் தடவை. நடிகை குனிந்தாள். மனதுக்குள் 'பாக்கியம், மன்னிச்சுக்கோ' என்று சொல்லிக்கொண்டேன். அவள் ஊதினாள். நான் அணைத்தேன். முகம் ஒரு நொடி இருளில் போய், பிறகு மைதீனின் விடியலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"ஓகே!" என்றார் டைரக்டர். எல்லாரும் கைதட்டினார்கள். நான் வெளியே போய் வெயிலில் நின்று வாந்தி எடுத்தேன்.

6

லெட்டர் கிடைத்தது. பர்மிட் கிடைத்தது. கப்பல் வருகிறவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வானத்தில் ஒரு துண்டுக் கருமேகம் தெரிந்தாலும் கடற்கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். துறைமுகத்தில் பெட்டியோடு இறங்கி வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன இப்படிக் கறுத்துட்டீங்க?" என்றாள். புடவைக்குள் சுற்றிவைத்து அந்த விளக்கையும் கொண்டுவந்திருந்தாள்.

படம் வெளியானதும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மலாய் ஒரு அட்சரம் தெரியாது. இருட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வெளிச்சம் நீங்க போட்டதா? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் காட்சி வந்தது. விளக்கு அணைந்ததும், "அடப் பாவிகளா! எவன் இப்படிப் பண்ணச் சொன்னான்? இவ புருஷன் எப்படித் திரும்பி வருவான்?" என்றாள். நான் கச்சாங் பூத்தே பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினேன். வறுத்த கடலையைத் தின்றுகொண்டே படம் முடியும்வரை திட்டினாள்.

அந்த வாரத்திலிருந்து வீட்டில் இரண்டு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஒன்று சாமி படத்தின் முன்னால், ஒன்று ஜன்னல் ஓரம். "எதுக்கு ரெண்டு?" என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்பாள். நானும் விட்டுவிட்டேன். பிறகு உமா பிறந்தாள், தேக்காவிலிருந்து இந்த ஒன்பதாவது மாடிக்கு வந்தோம், ஸ்டூடியோவை மூடினார்கள், இப்போது நான் தொலைக்காட்சி நிலையத்தில் செய்தி வாசிப்பவர்களுக்கு வெளிச்சம் போடுகிறேன். அங்கே இரவும் கிடையாது, விடியலும் கிடையாது. உமா தமிழில் பெயரெழுதச் சொன்னால் கோலம் போடுகிற மாதிரி யோசித்து யோசித்து எழுதுகிறாள். "பல்பு இருக்கும்போது ஏன் விளக்கு?" என்று கேட்கிறாள். பாக்கியம் மட்டும் சாயங்காலமானால் அந்த இரண்டையும் ஏற்றாமல் இருந்ததில்லை.

7

சரி, கேக்குக்கு வருவோம். மெழுகு வழிந்து சர்க்கரை ரோஜாவின் மேல் விழத் தொடங்கியிருந்தது. ஒரு சீனப் பிள்ளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. உமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் பாக்கியத்தின் விரல்மேல் ஓடியது. எனக்குத் தாங்கவில்லை.

"விடு பாக்கியம்" என்றேன். "நானே ஒரு தடவை அணைச்சிருக்கேன்."

"எதை?"

"அந்தப் படத்துல. அவ ஊதினா, அணைச்சது நான். அதுக்குத்தான் லெட்டர் குடுத்தாங்க. அதுலதான் நீ வந்த."

தலையைக் குனிந்துகொண்டேன். விழப்போகிற இடியை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"தெரியும்" என்றாள்.

"என்னது?"

"படம் பார்த்துட்டு வந்த மறுநாளே மைதீன் அண்ணன் சம்சாரம் சொல்லிட்டாங்க. நீங்க வெயில்ல நின்னு வாந்தி எடுத்ததையும் சொன்னாங்க."

"பத்து வருஷமா நீ ஒரு வார்த்தை..."

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. சரி போகட்டும்னு, அணைச்சதுக்குப் பதிலா ஒண்ணு கூடுதலா ஏத்திட்டு வர்றேன்."

ஜன்னல் ஓரத்து விளக்கைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை படிந்து, திரி கருகி, சாயங்காலத்துக்காக அது சும்மா உட்கார்ந்திருந்தது. பத்து வருஷமாக அதன் முன்னால் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

பாக்கியம் மகளின் வாயிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"ஊதுடி" என்றாள். "நல்லா இழுத்து ஊது. எட்டும் ஒண்ணா அணையட்டும். சாயங்காலம் நான் இன்னொண்ணு ஏத்திக்கிறேன்."

உமா சந்தேகத்தோடு அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஊதினாள். எட்டும் அணைந்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பாக்கியம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு முறுக்குத் தட்டைத் தேடினாள்.

தோழிகள் போன பிறகு, இருட்டுகிற நேரத்தில், சாமி படத்தின் முன்னால் ஒன்று ஏற்றினாள். ஜன்னல் ஓரம் ஒன்று. மூன்றாவதை எங்கே வைப்பது என்று கையில் ஏந்திக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு உமா உட்கார்ந்து மிச்சக் கேக்கைத் தின்றுகொண்டிருந்த இடத்துக்குப் பின்னால், அலமாரித் தட்டில் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. உமாவின் கூந்தல் ஓரத்திலும் தோளிலும் வெளிச்சம் ஏறியது. பிள்ளை சுவரைவிட்டுப் பிரிந்து முன்னால் வந்தாள்.

"அப்பா, லைட்டைப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றேன்.